மவுஸைக் குறைக்க நாலு கீ

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே சீட் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கித் தானே படித்தாள்.

உன் மணிக்கட்டு வலிதான் மனசை விட்டுப் போகவில்லை. டாக்டர் மவுஸைக் குறைக்கச் சொல்கிறார், ஆபீஸிலோ நாள் முழுக்க எக்ஸெல் என்கிறாய். கணக்கு மென்பொருளான டேலியில் எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல் என்று மவுஸையே தொடாமல் பறந்தவள் நீ. அதே வசதியை மற்ற இடங்களிலும் நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

ஆட்டோஹாட்கீ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும், 2003-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும், நோட்பேடே போதும். அந்தக் கோப்பைத்தான் ஸ்கிரிப்ட் என்பார்கள். கன்ட்ரோலுக்கு ^, ஆல்ட்டுக்கு !, ஷிஃப்ட்டுக்கு +, விண்டோஸ் கீக்கு #. கீயை எழுதி, இரண்டு கோலன் போட்டு, செய்ய வேண்டியதை அடுத்து எழுதினால் ஒரு ஷார்ட்கட் தயார்.

நீ திரும்பத் திரும்பச் செய்வதையே எடுத்துக்கொள். ஃபார்முலா போட்டு வந்த தொகையை வெறும் மதிப்பாக ஒட்ட, ரைட் கிளிக், பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ், ஓகே என்று ஒவ்வொரு முறையும் மவுஸ். ஆல்ட், ஈ, எஸ், வி, என்டர் என்று வரிசையாகத் தட்டினாலும் அதே வேலை நடக்கும். அந்த வரிசை முழுவதையும் ஒரே கீக்குள் அடக்கிவிடலாம். ‘எக்ஸெல் திறந்திருக்கும்போது மட்டும்’ என்று மேலே ஒரு நிபந்தனை வரி போடுவது முக்கியம். அப்போதுதான் டேலியின் எஃப் கீகள் அப்படியே இருக்கும். கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் பி இரண்டையும் மட்டும் எங்கேயும் மாற்றாதே. விரல் பழகிய கீயைப் பிடுங்கினால் வேலை கெடும்.

எனக்கு இன்னும் பிடித்தது சுருக்கெழுத்து வசதி. 33-இல் தொடங்கும் அந்த 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஒவ்வொரு பார்ட்டிக்கும் தேடி ஒட்டுகிறாயே, ஒரு அரைப்புள்ளியும் பார்ட்டியின் இரண்டு எழுத்தும் அடித்தால் முழு எண்ணும் வந்து நிற்கும். இதற்குச் சுருக்கத்தின் முன்னாலும் இரண்டு கோலன் போட வேண்டும், அந்த முதல் இரண்டு கோலனுக்கு நடுவில் ஒரு * சேர்த்துவிடு. இல்லாவிட்டால் ஸ்பேஸ் தட்டும்வரை காத்திருக்கும், அந்த ஸ்பேஸும் எண்ணின் வாலில் ஒட்டிக்கொள்ளும். அரைப்புள்ளி எதற்கென்றால், சாதாரண வார்த்தை எதுவும் அதில் தொடங்காது. மெயில் அடிக்கும்போது நடுவில் எண் குதிக்காது. பாஸ்வேர்டை மட்டும் இப்படி வைக்காதே. அது வெறும் எழுத்துக் கோப்பு, திறந்தால் யாரும் படிக்கலாம்.

நெட்டில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பலவும் முதல் பதிப்புக்கு எழுதியவை. 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதும் முறை மாறிவிட்டது, அனுப்ப வேண்டிய எழுத்துகளை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அப்புறம், ஏதாவது ஒரு மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருந்தால் உன் ஷார்ட்கட் அங்கே எடுபடாது. ஸ்கிரிப்டையும் அதேபோல் திறந்தால் சரியாகிவிடும்.

ஆரம்பத்தில் நாலு கீக்கு மேல் வேண்டாம். நிறைய வைத்தால் நினைவில் நிற்காது, கை மறுபடி மவுஸுக்கே போகும். கீ வந்துவிட்டது என்று பிசியோதெரபியை நிறுத்திவிடாதே.

உன் கை ஒரு நாளில் அதிகம் செய்யும் வேலைகள் எவை என்று எழுது. ஸ்கிரிப்டை நானே எழுதி அனுப்புகிறேன், நீ ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுக்கொண்டால் போதும், விண்டோஸ் தொடங்கும்போதே அதுவும் ஓடும். ஆடி முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா.

அன்புடன்,
சாந்தி