பீரோவை நீயே காலி செய், அம்மா

சிங்கப்பூர்,
14.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். தினமும் போனில் பேசுகிறோம்தான். ஆனால் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்ல மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தை பிறந்ததும் நீங்கள் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிபோகிறீர்கள். நாங்கள் போன வாரம்தான் யீஷூனிலிருந்து பொங்கோலுக்கு மாறினோம். நாலறை வீடு என்றதும் அப்பா, "நாலு பெட்ரூமா?" என்று கேட்டாரே, இங்கே ஹாலையும் ஓர் அறையாகக் கணக்கில் சேர்ப்பார்கள். படுக்கையறை மூன்றுதான்.

சமையல் சாமான் கட்ட ஒரு நாள் போதும் அம்மா. அலமாரிதான் ஆளைத் தின்றுவிடுகிறது. இந்தத் தடவை இரண்டு வாரம் முன்னாலேயே தொடங்கிவிட்டேன். ஒரு வருடமாகத் தொடாத துணியை எல்லாம் கட்டிலில் குவித்து, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்து வைத்தேன். மிச்சத்தைக் காரங்குனிக்காரரிடம் கொடுத்தாயிற்று. நம் ஊர்ப் பழைய பேப்பர்காரர் மாதிரி, தள்ளுவண்டியோடு புளோக் புளோக்காக ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்.

இவருடைய சட்டைகளை ஹேங்கரிலிருந்து கழற்றவே இல்லை. பத்துப் பத்தாகச் சேர்த்து, கொக்கிகளை ரப்பர் பேண்டால் கட்டினேன். பெரிய குப்பைப் பையின் அடியில் ஓட்டை போட்டு, குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போலக் கொக்கி வழியே இறக்கி, கீழே முடிச்சுப் போட்டேன். புது வீட்டில் கம்பியில் மாட்டிவிட்டுப் பையை உருவினால் வேலை முடிந்தது. இஸ்திரி கலையவில்லை.

சக்கரம் வைத்த சூட்கேஸில் துணியை வைக்காதே. அதில் புத்தகம், ஆல்பம் மாதிரி கனமானதை வை, உருட்டிக்கொண்டு போய்விடலாம். துணி பெரிய அட்டைப் பெட்டிக்குப் போகட்டும், எவ்வளவு அடைத்தாலும் தூக்க முடியும். துண்டையும் போர்வையையும் தனியாகக் கட்டாதே. நீ கொடுத்த குத்துவிளக்கைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு துண்டில் சுற்றித்தான் கொண்டுவந்தேன், ஒரு கீறல் இல்லை.

அப்புறம், எழுத நினைத்த விஷயம். மூன்று வருடம் முன்பு முதல் தடவை வீடு மாறினோமே, அப்போது பாட்டியின் கூறைப்புடவையை மற்றப் புடவைகளோடு பிளாஸ்டிக் பையில் திணித்து, காற்றை உறிஞ்சி இறுக்கி, பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இடம் மிச்சமாகிறதே என்று நினைத்தேன். துவைத்ததில் ஈரம் கொஞ்சம் இருந்திருக்கிறது. பையும் எங்கோ லேசாகக் கிழிந்திருக்கிறது. பிரிக்க மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த ஊரில் குளிர்காலம், வெயில்காலம் என்று கிடையாது. காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்கச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பிரித்துப் பார்த்தால் முந்தானை மடிப்பு நெடுகச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. துடைத்து, நிழலில் உலர்த்தி, எல்லாம் செய்தும் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளி நின்றுவிட்டது. கூறைநாட்டுத் தறியிலிருந்து பாட்டிக்கு வந்து, பாட்டியிடமிருந்து உனக்கு வந்து, நீ எனக்குக் கொடுத்தது. உன்னிடம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன். மன்னித்துவிடு அம்மா.

அதனால் இந்தத் தடவை பட்டு எதையும் பிளாஸ்டிக்கில் வைக்கவில்லை. மின்விசிறிக்கு அடியில் ஒரு பகல் முழுக்க விரித்துப் போட்டேன். பழைய மடிப்பிலேயே மடித்தால் ஜரிகை அங்கேயே விட்டுப்போகும் என்று நீதான் சொல்வாய், மடிப்பை மாற்றினேன். அப்பாவின் பழைய வேட்டிகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, நீ அனுப்பிய வசம்பைச் சின்னத் துணியில் முடிந்து நடுவில் வைத்தேன். அந்துருண்டை போடவில்லை, ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும். வீடு மாறிய அன்று காலையிலிருந்தே மழை. புடவை மூட்டையை லாரியில் ஏற்றவிடாமல் டாக்சியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது உன் பீரோ. ஆள் வைத்து ஒரே நாளில் கட்டிவிடலாம் என்று அண்ணன் சொல்வான். கேட்காதே. ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று நீயே உட்கார்ந்து எடு. எந்தத் தட்டுத் துணியோ, அதை ஒரே பெட்டியில் வைத்து, பெட்டியின் பக்கவாட்டில் எழுது. மேலே எழுதினால், அடுக்கிய பிறகு தெரியாது. துணியோடு பீரோவைத் தூக்கவிடாதே, கீல் தளர்ந்து கதவு சரியாக மூடாது. கண்ணாடிக் கதவுக்குப் போர்வை சுற்றிக் கயிறு கட்டச் சொல். நகையும் வீட்டுப் பத்திரமும் லாரி பக்கமே போக வேண்டாம், உன் கைப்பையில் இருக்கட்டும். முதல் இரவுக்கு வேண்டிய மாற்றுத்துணி, அப்பாவின் பிரஷர் மாத்திரை, தலையணை உறை எல்லாவற்றையும் ஒரு தனிப் பையில் வை.

கீழ்த்தட்டில் மூலையில் என் பச்சைப் பட்டுப்பாவாடை இருக்கும், அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. சின்னவளுக்கு இந்த வருடம் சரியாக இருக்கும். நீ அந்தத் தட்டை எடுக்கும் அன்று வீடியோ காலில் கூப்பிடு. ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை, நானும் கூட இருந்து பார்க்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மகள்