ஆயா எப்படி போனாங்கன்னு நான் பாக்கவே இல்ல

வெளிநாட்டு தத்தெடுப்ப கவனிக்கிற மத்திய ஆணையங்களுக்கும், ஏஜென்சிகளுக்கும், குழந்தைகள் இல்லம் நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

நான் வெளிநாட்டுல இருந்து ஒரு பெண் பிள்ளைய தத்தெடுத்த அம்மா. எந்த நாடு, எந்த ஆபீஸ்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா அப்புறம் பேசிப் பாத்த, இதே மாதிரி தத்தெடுத்த மத்தவங்களும் கிட்டத்தட்ட இதே கதையத்தான் சொல்றாங்க. ஹோம் ஸ்டடி (எங்க வீட்டையும் எங்களையும் வந்து பாத்து எழுதுற ரிப்போர்ட்), போலீஸ் சர்டிபிகேட், அப்போஸ்டில் (பேப்பர் வெளிநாட்டுல செல்லுபடியாக போடுற அரசாங்க முத்திரை)னு மூணு வருஷம் ஓடினதுக்கப்புறம் ஒரு நாள் மெயில் வந்துச்சு, இன்னும் ஆறு நாள்ல கிளம்பி வாங்கன்னு. லீவு சொல்லி டிக்கெட் போட்டு ஓடினோம். அத பத்தி கூட எனக்கு பெரிய வருத்தம் இல்லங்க.

வருத்தமெல்லாம் பிள்ளைய கையில கொடுத்த அந்த அரை மணி நேரத்த பத்திதான்.

ரெண்டரை வயசு. எங்களுக்காக நல்லா குளிப்பாட்டி, புது கவுன் போட்டு கூட்டிட்டு வந்திருந்தாங்க, கழுத்துகிட்ட விலை அட்டை மாட்டுற பிளாஸ்டிக் நூல் அப்படியே இருந்துச்சு, அத சொறிஞ்சுகிட்டே இருந்தா. இன்னொரு கை, இல்லத்துல அவள பாத்துகிட்ட ஆயாவோட ஐடி கார்டு டேப்ப இறுக்கி புடிச்சிருந்துச்சு. ஆபீஸர் என் முன்னாடி பேப்பர தள்ளி இங்க இங்க கையெழுத்து போடுங்கன்னாரு, மொத்தம் பதினோரு இடம். போட்டு முடிச்சு நிமிர்ந்து பாத்தா ஆயா இல்ல. பிள்ளை அழக்கூடாதுன்னு சத்தமில்லாம போகச் சொல்லிட்டாங்களாம். பிள்ளை அழல, கதவையே பாத்துகிட்டு நின்னா. நான் அம்மாவான நிமிஷத்துல அவளுக்கு ஒரு அம்மா போயிட்டாங்க, அந்த நேரத்துல நான் குனிஞ்சு கையெழுத்து போட்டுட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் பாஸ்போர்ட், விசா, மெடிக்கல்னு ஹோட்டல் ரூம்ல பதினாலு நாள். முதல் நாலு நாளும் ராத்திரி ஒரே வார்த்தைய திரும்ப திரும்ப சொல்லி அழுதா. பசியா, வயித்து வலியா, ஆயாவோட பேரா, ஒன்னும் புரியல. அஞ்சாவது நாள் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு கிட்ட அந்த வார்த்தைய சொல்லிக் காட்டினேன். "லைட்ட போட சொல்றாங்க மேடம்"னுச்சு. அவ்ளோதான். இல்லத்துல ராத்திரி முழுக்க லைட் எரியும் போல, நாங்க பிள்ளை நல்லா தூங்கட்டும்னு இருட்டாக்கி வச்சிருக்கோம். நீங்க கொடுத்த ரிப்போர்ட்ல எடை, தலை சுற்றளவு, தடுப்பூசி எல்லாம் இருந்துச்சு, இந்த ஒரு வரி இல்ல. ஆயா கிட்ட பத்து நிமிஷம் பேச விட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

பேப்பர் வேலைய குறைங்கன்னு நான் கேக்கல. பிள்ளைங்கள கடத்தியும் வித்தும் நடந்த கொடுமையெல்லாம் பாத்துதான் 1993-ல வெளிநாட்டு தத்தெடுப்புக்காக நாடுகள் சேர்ந்து போட்ட ஹேக் உடன்படிக்கை வந்துச்சு, அந்த செக்கிங் எல்லாம் இருக்கணும், இன்னும் கூட கடுமையா இருக்கட்டும். ஆனா அதே உடன்படிக்கையோட ஆர்ட்டிகிள் 19-ஐயும் ஒரு தடவ எடுத்து பாருங்க. பிள்ளைய ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புறது பாதுகாப்பான, பொருத்தமான சூழ்நிலையில நடக்கணும்னு போட்டிருக்கு. பாதுகாப்பு சரி. ஆயாவ பின் கதவு வழியா அனுப்புறதுல என்ன பொருத்தம்?

பிரேசில்ல வெளிநாட்டுல இருந்து வர்றவங்க குறைஞ்சது 30 நாள் அந்த நாட்டுக்குள்ளயே பிள்ளையோட சேர்ந்து இருந்து காட்டணும்னு சட்டமே இருக்கு, அதுக்கப்புறம்தான் தத்து முடியும். எல்லாராலயும் 30 நாள் லீவு எடுக்க முடியாதுதான், எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ஆனா எப்படியும் விசாவுக்காக ரூம்ல சும்மா உக்காந்திருக்கோமே, அதுல முதல் நாலஞ்சு நாள் நாங்க இல்லத்துக்கு வந்து போறோம்னு வச்சா உங்களுக்கு என்ன நஷ்டம்? ஆயா பக்கத்துல இருக்க நாங்க ஊட்டி விடுறோம், ஆயா தூங்க வைக்கிறத பாத்து கத்துக்கிறோம். கடைசியா ஆயாவே பிள்ளைகிட்ட சொல்லிட்டு கிளம்பட்டும், அழுதா அழட்டும், அழ வேண்டிய விஷயம்தானே. புது கவுனெல்லாம் வேணாம், அவ படுத்த பழைய போர்வைய துவைக்காம அப்படியே கொடுத்தனுப்புங்க, அந்த வாசனையாவது கூட வரட்டும். ரிப்போர்ட்ல ஒரு பக்கம் ஆயா வாயால சொல்றத எழுதுங்க.

இப்ப அவளுக்கு ஆறு வயசு. லைட் இல்லாமலே தூங்குறா. ஆனா யார் கழுத்துல ஐடி கார்டு தொங்கினாலும் கை போயிடும். பிள்ளையோட பூர்வீகம் பத்தின தகவல பத்திரமா வைக்கணும்னு ஆர்ட்டிகிள் 30 சொல்லுது, அதுல ஆயா பேர் வருமான்னு தெரியல, எங்க ஃபைல்ல இல்ல. வருஷா வருஷம் நாங்க அனுப்புற ரிப்போர்ட்ல ஒட்டுற போட்டோவெல்லாம் உங்க அலமாரியில கிடக்கும். அதுல ஒன்ன அந்த ஆயா கையில கொடுக்கணும், யார் கிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க.