மேசைத் துணியில் எழுதியிருப்பதைப் படி

செம்பூர், மும்பை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பெரியவளுக்கு மைசூரிலேயே கல்லூரி கிடைத்தது நல்ல செய்தி. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகிற தூரம்தானே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் சேடா நகர் முருகன் கோயில் வரை நடந்தே போய்வருகிறாள்.

அடுத்த மாதம் ஆபீஸ் ஆட்களோடு பனாஜி போகிறாய், ஒரு ராத்திரி மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில், ரம்மியும் உள்ளே வெளியேவும் தவிர எதுவும் தெரியாது, எப்படி ஆடுவது என்று கேட்டிருக்கிறாய். விரிவாகவே எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகளை டீலரே பொறுமையாகச் சொல்லித் தருவார். எந்தப் பந்தயத்தில் நூற்றுக்கு எவ்வளவு போகும் என்பதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் முக்கியம், அதைத் தெரிந்துகொண்டு கப்பல் ஏறு.

பெங்களூர் கிளப்பில் ஆடுகிற ரம்மிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் மனதில் வை. ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என்று 1968-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே தீர்ப்பில் மூன்று சீட்டு ஆட்டத்தை முழுக்க அதிர்ஷ்டம் என்று தள்ளிவைத்தது. கேசினோ கோவாவில் இருப்பதற்குக் காரணம் அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுத்திருப்பது. எங்கள் மகாராஷ்டிராவில் 1976-ல் கேசினோ சட்டம் ஒன்று போட்டார்கள். நடைமுறைக்கே வராமல் 2023-ல் ரத்தானது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசே தடை செய்துவிட்டது. ஆகவே பழகிக்கொள்ள என்று யாராவது ஆப் ஒன்றை நீட்டினால் வாங்காதே. வீட்டில் ஒரு சீட்டுக் கட்டு போதும்.

நீ உட்கார வேண்டியது பிளாக்ஜாக் மேசையில். நீ எடுக்கும் முடிவுக்கு அதிகப் பலன் இருக்கிற ஆட்டம் அங்கே அதுதான் என்பேன். போக்கரும் உண்டு, ஆனால் அதில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அதையே தொழிலாக வைத்திருக்கலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து கேசினோ கமிஷனும் எடுக்கும். முதல் முறைக்கு வேண்டாம்.

பிளாக்ஜாக்கில் 2 முதல் 10 வரை முகமதிப்பு, ஜாக்கி ராணி ராஜா மூன்றும் பத்து, ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. உனக்கு இரண்டு சீட்டு திறந்து வரும். டீலருடைய ஒரு சீட்டு மட்டும் தெரியும். நீ வேண்டிய மட்டும் சீட்டு கேட்கலாம். 21-ஐத் தாண்டினால், அதாவது கை வெடித்தால், பந்தயம் அங்கேயே போய்விடும். டீலருக்கு யோசிக்க உரிமை இல்லை: 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17-ல் நிற்க வேண்டும். நீ முதலில் ஆடுவதுதான் கேசினோவின் லாபம். நீயும் வெடித்து, பின்னால் அவரும் வெடித்தால், உன் பணம் ஏற்கெனவே போயிருக்கும். 21-க்குப் பக்கத்தில் போவதுதான் ஆட்டம் என்று பலர் நினைத்துச் சீட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டீலரைவிட அதிகம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் வெடித்தால் உன் 12-கூட ஜெயிக்கும்.

எனவே எல்லாமே அவருடைய திறந்த சீட்டைப் பொறுத்தது. அது 5 அல்லது 6 என்றால் அவர் வெடிக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 42 வாக்கில். 7 என்றால் அது 26-க்கு இறங்கிவிடும். இந்த ஒரு சரிவிலிருந்தே விதிகள் எல்லாம் பிறக்கின்றன. ஏஸ் இல்லாத கையில் 17-ம் அதற்கு மேலும் இருந்தால் எப்போதும் நில். 13 முதல் 16 வரை இருந்தால், அவர் 2 முதல் 6 வரை காட்டும்போது நில், 7-க்கு மேல் காட்டினால் சீட்டு கேள். 12-க்கு மட்டும் சின்ன மாற்றம்: 4, 5, 6-க்கு எதிராக நில், 2, 3-க்கு எதிராகவும் 7-க்கு மேலும் கேள். 12-ல் ஒரு சீட்டு எடுத்தால் வெடிக்கிற வாய்ப்பு 13-ல் 4 மட்டுமே. 16-ல் அது 13-ல் 8.

டபுள் என்றால் பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்குவது. 11 இருந்தால் டீலரின் 2 முதல் 10 வரை எதற்கும் டபுள் செய். 10 இருந்தால் 2 முதல் 9 வரை. 9 இருந்தால் 3 முதல் 6 வரை. கையில் ஏஸும் 6-ம் சேர்ந்த 17 வந்தால் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு சீட்டால் வெடிக்கவே முடியாத கை அது. சீட்டு கேட்பதே சரி. ஏஸும் 7-ம் இருந்து டீலர் 9, 10, ஏஸ் காட்டினாலும் கேட்க வேண்டும். ஒரே மதிப்பில் ஜோடி வந்தால் இன்னொரு பந்தயம் வைத்து அதை இரண்டு கையாகப் பிரிக்கலாம். ஜோடிகளில் ஏஸையும் எட்டையும் பிரி. பத்தை ஒருபோதும் பிரிக்காதே, அது 20. ஐந்தையும் பிரிக்காதே, அதைப் பத்தாக நினைத்து ஆடு.

சில மேசைகளில் டீலர் தன் இரண்டாவது சீட்டை எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான் எடுப்பார். அப்படியானால், அவர் பத்தோ ஏஸோ காட்டும்போது 11-ஐ டபுள் செய்யாதே, எட்டு ஜோடியையும் பிரிக்காதே. பின்னால் அவருக்குப் பிளாக்ஜாக் விழுந்தால் கூட வைத்த பணமும் சேர்ந்து போகும்.

மிகவும் மனதை வருத்தும் கை 16-க்கு எதிராக டீலரின் பத்து. நின்றாலும் எடுத்தாலும், போட்ட ரூபாய்க்குச் சராசரியாக ஐம்பது பைசாவுக்கு மேல் போகும். எடுப்பது ஒரு மயிரிழை மேல். அந்த மேசையில் சரண்டர் உண்டா என்று முன்னாலேயே கேட்டு வை. இருந்தால் பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து எழுந்துவிடலாம், அங்கே அதுதான் சரி. இந்த விதிகள் யாரோ குருட்டாம்போக்கில் சொன்னவை அல்ல. 1950-களில் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்து ஒவ்வொரு கையாகப் போட்டுப் பார்த்து 1956-ல் வெளியிட்டார்கள். பிற்பாடு கணினியில் ஓட்டியபோதும் அவர்கள் கணக்கு அநேகமாக அப்படியே நின்றது.

இப்படி ஆடினால் கேசினோவின் பங்கு சுமார் அரை சதவீதம். ஆனால் அது மேசைத் துணியில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. பிளாக்ஜாக்குக்கு, அதாவது ஏஸும் பத்தும் முதல் இரண்டு சீட்டிலேயே வந்தால், 3-க்கு 2 தருகிறார்களா, 6-க்கு 5 தருகிறார்களா என்று பார். ஆயிரம் ரூபாய் பந்தயத்துக்கு முதல் மேசையில் 1,500 வரும், இரண்டாவதில் 1,200. அந்தக் கை ஏறக்குறைய 21 கைக்கு ஒருமுறை வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு 60 கை ஆடினால் மூன்று தடவை. மூன்று தடவையும் முந்நூறு முந்நூறாக உன் பையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நீ மனப்பாடம் செய்த விதியெல்லாம் மிச்சப்படுத்துவதில் பெரும்பகுதியை இந்த ஒரு வரி தின்றுவிடும். 6-க்கு 5 மேசையைக் கண்டால் உட்காராதே.

டீலர் ஏஸ் காட்டும்போது "இன்ஷூரன்ஸ்?" என்று கேட்பார். அவருடைய மூடிய சீட்டு பத்து மதிப்புள்ளது என்று தனியாக வைக்கும் பந்தயம் அது. வேண்டாம் என்று சொல். ஆறு கட்டு சேர்த்தால் 312 சீட்டு, பத்து மதிப்புள்ளவை 96. டீலரின் ஏஸை நீக்கினால் 311-ல் 96, அதாவது 31 சதவீதம்கூட இல்லை. அந்தப் பந்தயத்துக்கு ஒன்றுக்கு இரண்டுதான் தருகிறார்கள், சரிக்குச் சரியாக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய்க்கு மேல் நஷ்டம். உன் கையில் பிளாக்ஜாக் இருக்கும்போது "சமப் பணம் தருகிறேன்" என்பதும் இதே இன்ஷூரன்ஸ்தான். ஜோடி விழுமா, மூன்று சீட்டும் சேருமா என்று ஓரத்தில் சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கும் பக்கப் பந்தயங்களையும் தொடாதே.

பாக்கராவில் நீ முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. பிளேயர், பேங்க்கர் என்று இரண்டு கை. ஒன்பதுக்குப் பக்கம் வருவது ஜெயிக்கும். பத்தும் படச்சீட்டும் பூஜ்யம், கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் மட்டும் கணக்கு. முதல் இரண்டு சீட்டிலேயே யாருக்காவது 8 அல்லது 9 வந்தால் அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் பிளேயர் 5 வரை மூன்றாவது சீட்டு எடுக்கும், 6, 7-ல் நிற்கும். பிளேயர் எடுக்காமல் நின்றால் பேங்க்கரும் 5 வரை எடுக்கும். பிளேயர் எடுத்தால், அந்த மூன்றாவது சீட்டைப் பார்த்து பேங்க்கர் எடுப்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. அது டீலர் வேலை. பின்னால் ஆடுகிற வசதியால் பேங்க்கர் சற்று அதிகமாக ஜெயிக்கிறது, அதனால் ஜெயித்த தொகையில் 5 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள். பிடித்த பிறகும் அதுவே மலிவு: 1.06 சதவீதம். பிளேயர் 1.24. சமநிலைக்கு 8 மடங்கு தருகிறேன் என்பது 14 சதவீதத்துக்கு மேல், பக்கத்திலேயே போகாதே. மேலே பலகையில் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் ஓடும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்காருவார்கள். அடுத்த கைக்கு அது ஒன்றும் சொல்லாது.

உள்ளே வெளியே உனக்குத் தெரிந்ததுதான், அங்கே அந்தர் பாஹர் என்பார்கள். முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஆயிரத்தில் 515 வாய்ப்பு. அதனால்தான் அந்தப் பக்கத்துக்குப் பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூறு மட்டும் தருகிறார்கள். அப்படித் தந்தாலும் அதில் போவது 2.15 சதவீதம், முழுதாகத் தரும் மறுபக்கத்தில் 3.

தீன் பத்தி தெரிந்தவர்கள் ஏமாறுவது த்ரீ கார்டு போக்கரில். தீபாவளி சமயத்தில் எங்கள் பில்டிங்கில் ஆடும்போது ட்ரெயில், அதாவது மூன்றும் ஒரே மதிப்பில் வருவது, அதுதான் ராஜா. மூன்று ஏஸை எதுவும் அடிக்காது. த்ரீ கார்டு போக்கரில் ஒரே ஜாதியில் வரிசையாக வருவது அதற்கும் மேல். 22,100 கைகளில் அப்படி வருவது 48, ட்ரெயில் 52, எது அரிதோ அதற்கு மதிப்பு. ஏஸ்-2-3-ம் இங்கே இரண்டாவது பெரிய வரிசை இல்லை, எல்லாவற்றிலும் சிறியது. ஆன்ட்டி என்ற முதல் பந்தயத்தை வைத்துச் சீட்டைப் பார்த்த பிறகு, ராணி-6-4 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் அதே அளவு இன்னொரு பந்தயம் வைத்துத் தொடர், குறைந்தால் கீழே போடு. டீலருக்கு ராணியாவது இல்லையென்றால் ஆன்ட்டிக்கு மட்டும் பணம் வரும், இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பும். இதில் போவது ஆன்ட்டியில் 3.4 சதவீதம்.

இனிப் பணம். ஒரு மணி நேரச் செலவு என்பது பந்தயம், கைகளின் எண்ணிக்கை, சதவீதம் மூன்றையும் பெருக்குவது. பிளாக்ஜாக்கில் ஏழு பேரும் நிறைந்த மேசையில் மணிக்கு 50, 60 கை. நீ தனியாக உட்கார்ந்தால் 200-ஐத் தொடும். கூட்டமான மேசையாகப் பார்த்து உட்கார். ஆயிரம் ரூபாய், 60 கை, அரை சதவீதம்: 300 ரூபாய். ஆனால் அது சராசரி. ஒரு மணி நேரத்தில் 9,000 ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பந்தயத்துக்குச் சர்வசாதாரணம். டபுளும் பிரிப்பும் வரும்போது கை வறண்டிருக்கக் கூடாது, ஆகவே பந்தயத்தைப்போல முப்பது நாற்பது மடங்கு கையில் வேண்டும். அவ்வளவு எடுத்துப்போக மனமில்லையென்றால் பந்தயத்தைக் குறை. தோற்றதை எடுக்க இரட்டிப்பது மிக மோசம். 500-ல் ஆரம்பித்து ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் எட்டாவதற்கு 64,000 வைக்க வேண்டும்; மேசையின் உச்சவரம்பு அதற்கு முன்பே உன்னை நிறுத்திவிடும்.

நுழைவுப் பேக்கேஜில் தரும் சிப், அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை, பல சமயம் ஒருமுறை மட்டும் வைக்கக்கூடியது. ஜெயித்தால் லாபம் வரும், அந்தச் சிப் திரும்பாது. அப்படிப்பட்ட ஆயிரம் ரூபாய்ச் சிப்பைச் சமப் பந்தயத்தில் வைத்தால் அதன் உண்மை மதிப்பு ஐந்நூறுக்கும் கீழே. சிப் வாங்குகிற தொகைமேல் ஜிஎஸ்டி வேறு: 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40. நான் மேலே எழுதிய அரை சதவீதமும் ஒரு சதவீதமும் இதற்கு முன்னால் மிகச் சிறிது. கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கட்டுகிற பணத்துக்கு எத்தனை ரூபாய் சிப் வரும், அதில் எவ்வளவு திரும்ப ரொக்கமாகும். ஜெயித்தால் 30 சதவீத வருமான வரி. தோற்றதைக் கழிக்க விடமாட்டார்கள்.

மேசையில் பணத்தை டீலர் கையில் கொடுக்காதே, துணிமேல் வை. சீட்டு விழ ஆரம்பித்த பிறகு வைத்த சிப்பைத் தொடக் கூடாது. சீட்டு வேண்டுமென்றால் விரலால் துணியைத் தட்டு, போதுமென்றால் உள்ளங்கையைக் கிடையாக அசை. வாயால் சொன்னால் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மேலே கேமரா பார்ப்பது கையைத்தான். டபுளுக்குக் கூடுதல் சிப்பைப் பழைய சிப்பின் பக்கத்தில் வை, அதன்மேல் அடுக்காதே.

இன்றைக்கே ஒரு கட்டைக் கலைத்து, டீலர் சீட்டாக ஒன்றைத் திறந்து வைத்து, எதிரே இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டே போ. ஒவ்வொன்றுக்கும் எடுப்பதா நிற்பதா என்று வாய்விட்டுச் சொல். 12-லும் ஏஸ் கலந்த 17, 18-லும்தான் தடுமாறுவாய். அவற்றை மட்டும் தனியாக எடுத்துத் திரும்பத் திரும்பப் போடு. யோசிக்காமல் பதில் வருகிற வரை மேசையில் உட்காராதே. சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எழுது, உடனே பதில் போடுகிறேன்.

சுமதிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரமணி