லேசர் ஈறு சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். கம்பத்திலிருந்தும், குமுளி, நெடுங்கண்டம் பக்கமிருந்து மலை இறங்கியும் எங்களிடம் ஈறு சிகிச்சைக்கு வருவோரில் பலர், மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பதற்றத்துடன் அழைக்கிறார்கள். ஈறின் ஓரத்தில் நூல்போல வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ படிந்திருப்பது சீழ் அன்று. புண் ஆறும்போது படரும் ஏடு. ஒருவர் அதை அழுக்கென்று எண்ணி, உமிக்கரி தொட்டு விரலால் தேய்த்தே எடுத்துவிட்டார். ஆறத் தொடங்கிய இடம் மறுபடி புண்ணாயிற்று.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டான பையின் நோயுற்ற உட்படலத்தை லேசர் நீக்கியபின், அங்கே உறையும் இரத்தமே அதன் வாயை மூடி, கிருமியும் உணவுத் துகளும் உள்ளே இறங்காமல் காக்கிறது. அந்த உறைவு கலையக் கூடாது என்பதற்காகவே முதல் இரண்டு நாட்களுக்கு ஆறிய கஞ்சியும் மோரும் போதும், ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டாம் என்கிறோம். அதன்பின் ஒரு வாரம் இட்லி, குழைந்த சோறு, காரமில்லாமல் மசித்த மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாம். நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் நாங்கள் சொல்லும்வரை பொறுத்திருக்கட்டும். பீடி, சிகரெட், வெற்றிலைபாக்கு ஆகியவற்றில் மட்டும் எங்களிடம் சலுகை கேட்காதீர்கள்.

சிகிச்சை செய்த இடத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் பிரஷ் படக் கூடாது. குளோர்ஹெக்சிடின் மருந்தை வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்திருந்து, மெல்ல வழியவிடுங்கள். அதனால் பற்களில் பழுப்புக் கறை படியலாம், நாக்கில் சுவை சற்று மாறலாம். கறையை அடுத்த முறை நாங்களே நீக்கிவிடுவோம்.

சில வாரங்கள் குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசும். வீக்கம் வடிந்தபின் பல் நீண்டுவிட்டதுபோலத் தோன்றும். வீக்கம் மறைத்திருந்த பகுதி வெளியே தெரிகிறது, அவ்வளவே. வெளியே ஒரு மாதத்திற்குள் ஆறியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே எலும்பும் நார்த்திசுவும் தேறி வர ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகலாம் என்பதால், பையின் ஆழத்தை நாங்கள் உடனே அளந்து பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை சுத்தம் செய்துகொள்ள அவசியம் வாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் லேசரால் மட்டும் பயனில்லை.

முதல் இரண்டு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வருவது இயல்பு. நனைத்த பஞ்சுத் துணியை அரைமணி நேரம் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூன்றாம் நாளுக்குப் பின் வீக்கம் கூடினாலோ உடனே எங்களை அழையுங்கள். எஸ்டேட்டில் தங்கியிருப்பவர்கள் காலை ஜீப்புக்காகக் காத்திராமல், அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரவே சென்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல் மருத்துவமனையார்,
கம்பம்.