ஓலை (கோவிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் கேட்க வேண்டியவை

அன்பார்ந்த பங்குத்தந்தையர்களுக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்துவோருக்கும்,

"இதற்கு முன் திருமணம் ஆகியிருக்கிறதா?" என்ற கேள்வி பெரும்பாலும் அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகே எழுகிறது. முதல் சந்திப்பிலேயே, மணமக்கள் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து இதைக் கேளுங்கள். சேர்த்துவைத்துக் கேட்டால் பாதி உண்மைதான் வரும்.

"பதிவுத் திருமணம்தானே, கோவிலில் நடக்கவில்லையே" என்ற பதிலை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். கத்தோலிக்கர் ஒருவர் விதிவிலக்கு பெறாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்திருந்தால், திருச்சபை முறைமை (குருவும் சாட்சிகளும் முன்னிருக்க மணப்பது) இல்லாததால் அது செல்லாது; ஆவணங்களை வைத்தே தீர்த்துவிடலாம். கத்தோலிக்கர் அல்லாத இருவர் அதே அலுவலகத்தில் மணந்திருந்தால் நிலைமை வேறு. அந்தத் திருமணம் செல்லும் என்றே திருச்சபைச் சட்டம் (சட்டத்தொகுப்பு எண் 1060) கருதும். அரசு நீதிமன்றம் தந்த மணமுறிவு அந்தப் பிணைப்பை அவிழ்க்காது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான்: வருங்கால மணமகள் கத்தோலிக்கர் இல்லை என்பதாலேயே அவருடைய முந்தைய திருமணத்தை யாரும் விசாரிப்பதில்லை.

முந்தைய திருமணம் செல்லாதது என்று நிறுவத் திருச்சபைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய வழக்கென்றால், தீர்ப்பு கைக்கு வரும்வரை நாள் குறிக்கவே கூடாது. திருத்தந்தை பிரான்சிஸின் 2015 சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தீர்ப்பை இரண்டாம் நிலை நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் மேல்முறையீட்டுக்கு அவகாசம் உண்டு. தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் படியுங்கள். மறுமணத்துக்குத் தடை விதித்திருந்தால் அங்கேதான் இருக்கும்.

வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். திருமுழுக்கே பெறாதவரை மணக்க விதிவிலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருமணமே செல்லாது (1086). விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்ற வாக்குறுதியைக் கத்தோலிக்கத் தரப்பு மட்டுமே தருகிறது. மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும். 1970-க்கு முந்தைய பழக்கத்தில் அவரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். வேண்டாத மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஏற்கெனவே பதிவுத் திருமணம் செய்து சேர்ந்து வாழ்பவர்கள் மந்திரிப்பு (குருவின் ஆசீர்) கேட்டு வருவார்கள். திருமணத்தைச் செல்லத்தக்கதாக்க ஆசீர் போதாது, புதிய மண ஒப்புதல் தேவை. அதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மணமகள் கருவுற்றிருந்தால் வீட்டார் அவசரப்படுத்துவார்கள். குழந்தையின் திருமுழுக்குக்குப் பெற்றோரின் திருமணம் நிபந்தனை அல்ல என்று முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள், பரபரப்பு பாதி அடங்கும். பிறகு மணமகளிடம் தனியாகப் பேசுங்கள். வேறு வழியில்லாத அளவுக்கு அச்சுறுத்தி வாங்கிய ஒப்புதல் செல்லாது (1103).

பேச இயலாதவர் சைகையால் ஒப்புதல் தரலாம். மொழிபெயர்ப்பாளர் நம்பத்தக்கவர் என்று உறுதியானால்தான் பங்குத்தந்தை அத்திருமணத்தை நடத்த வேண்டும் (1106). அந்த வேலையை மணமகளின் தாயிடம் கொடுக்காதீர்கள்.