கிளிஞ்செரிஸ் விவகாரம்

ரீகா, மே 26

மாப்ளே செந்தில்,

ஆறு மாசம் கழிச்சு எழுதுறேன். திட்டுறதை பதில்ல மொத்தமாத் திட்டிக்கோ. இங்க சௌக்கியம், குளிர் விட்டாச்சு. அத்தைக்கு முழங்கால் தேவலையா?

விஷயத்துக்கு வர்றேன். இந்த லாட்வியாக்காரங்க பிறந்தநாள் மாதிரியே பேர்நாளும் கொண்டாடுவாங்க. காலண்டர்ல ஒவ்வொரு தேதிக்கும் சில பேர் போட்டிருக்கும். யானிஸ்னா ஜூன் 24. முருகன் எங்க போறது? காலண்டர்ல இடம் கிடைக்காத அத்தனை பேருக்கும் சேர்த்து மே 22-ஐ ஒதுக்கி வச்சிருக்காங்கடா! ஆபீஸ்ல காலையிலயே, "முருகன்ஸ், கிளிஞ்செரிஸ் எங்க?"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. (இங்க ஆம்பளைப் பேருக்கெல்லாம் வால்ல ஒரு 'ஸ்' ஒட்டிருவாங்க. விளிவேற்றுமையில உதிர்த்திருவாங்க, என் விஷயத்துல அதுவும் மறந்துபோச்சு போல.)

ஈஸ்ட் போட்ட மாவைக் கயிறா உருட்டி, 8-ஐப் படுக்கப் போட்ட மாதிரி வளைச்சுச் சுடுற இனிப்பு ரொட்டி அது. குங்குமப்பூ, திராட்சை, ஏலக்காய், மேல பாதாம் சீவல். கண்ணை மூடி மோந்தா உங்க வீட்டுல கேசரி கிண்டுற வாசனை. பேர் ஜெர்மன்ல 'கிரிங்கெல்'ங்கிற வார்த்தையோட உறவு. உச்சரிப்புக்கு நான் கிளிஞ்சலை நினைச்சுக்குவேன், நம்ம 'ஞ்ச' கிட்டத்தட்ட அப்படியே பொருந்துது.

சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு ஓடினேன். செப்பலின் வான்கப்பல் நிறுத்துன கொட்டகைகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து கட்டின சந்தை. இந்த ஊர்ல எதையும் செல்லமாச் சுருக்கித்தான் சொல்லுவாங்க. நானும் சின்னதாப் போதும்னு 'கிளிஞ்செரீத்தெ' ஒண்ணு கேட்டேன். ரொட்டிக்கடை அம்மா மூலிகைக் கடைப் பக்கம் கை காட்டினாங்க. அங்க நீட்டினது காய்ஞ்ச ஆரஞ்சு இதழ்ப் பொட்டலம்! சின்ன ரொட்டின்னா ஆண்பால்ல 'கிளிஞ்செரீத்திஸ்'னு சொல்லணும். பெண்பால்ல சொன்னா காலெண்டுலாப் பூ. ரொட்டிக்கு ஆண்பாலாம்! நம்ம தமிழய்யா இருந்தா அஃறிணைக்கு ஏதுடா ஆண்பால்னு பிரம்பைத் தூக்கியிருப்பார். கடைசியில கை ரெண்டையும் வளைச்சு 8 போட்டுக் காட்டித்தான் வாங்கினேன்.

பேர்நாளுக்கு யாரையும் அழைக்கிறதில்லை, தெரிஞ்சவங்க தானா வருவாங்க. இதை எனக்கு யாரும் சொல்லலை. ஏழு மணிக்கு ஒன்பது பேர் வாசல்ல நிக்கிறாங்க, கையில ஒற்றைப்படையில பூ. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. ரொட்டி பத்தலை, புளியோதரை கிளறிப் போட்டேன். வெளிச்சம் போற வரைக்கும், அதாவது பத்து மணி வரைக்கும், யாரும் எழுந்திரிக்கலை.

அப்புறம் தட்டைக் கழுவும்போது உன் நினைப்புதான். பத்திரிகை அனுப்பி, ரெண்டு தடவை போன் போட்டுக் கூப்பிட்டும் உன் கிரகப்பிரவேசத்துக்கு நான் வரலை. லீவு கிடைக்கலைன்னு சொன்னேனே, நான் லீவே கேட்கலைடா. கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்க.

டிசம்பர் டிக்கெட் போட்டுட்டேன். தேதி சொல்ல மாட்டேன். குங்குமப்பூ மட்டும் வாங்கி வை, அதுல கஞ்சத்தனம் காட்டாத.

முருகன்
(நீ கூப்பிடுறப்போ 'ஸ்' வேண்டாம்)