ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றும் பணி: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, ஏரியின் மதகுப் பக்கத்திலிருந்து ஆகாயத்தாமரை அகற்றும் பணி தொடங்கும். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கப்படும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமுன் இதை எடுத்துவிட்டால்தான் மதகு அடைபடாமல் இருக்கும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, சூழல் வாய்த்தால் இரண்டு வாரங்களிலேயே இருமடங்காகப் பெருகக்கூடியது. அதன் விதைகளும் சேற்றுக்குள் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் மாறாமல் கிடப்பதால், ஒருமுறை அள்ளியதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். அறுத்த துண்டுகளை வாய்க்காலில் தள்ளிவிடுவது நம் தொல்லையைக் கீழேயுள்ள ஊருக்கு அனுப்புவதேயாகும். நீர் எட்டாத மேட்டில் குவித்து உலரவிட்டு, சாணத்துடன் சேர்த்து மட்கவைக்கலாம்.

களைக்கொல்லி தெளிக்கலாம் என்று சிலர் கூறிய யோசனையை ஏற்பதற்கில்லை. செடி மொத்தமாக அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். கால்நடைகள் குடிப்பதும் இதே தண்ணீர்தான். 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கூன்வண்டுகள் இச்செடியின் இலையைத் தின்று அதை நலியச் செய்பவைதான் என்றாலும், கோடையில் வற்றிவிடும் நம் ஏரியில் அவை நிலைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீன் குத்தகைதாரர்கள், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது.

அரிவாள், கயிறு கொண்டுவரவும். நீச்சல் தெரியாதவர்கள் கரை வேலையை மட்டும் பார்க்கவும்.